வாரிசு வரியா, அறக்கட்டளையா?

பெருஞ்செல்வர் இறக்கும்போது அவர் சொத்துக்கு அரசு வரி பிடிப்பது மேலா, அதை அறக்கட்டளைக்கு எழுதிவைக்க விட்டுவிடுவது மேலா என்று ஓய்வுபெற்ற தணிக்கையாளர்களின் கூட்டம் ஒன்றில் வாக்கெடுத்தபோது, நான் வரிக்கே கை தூக்கினேன். பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். வரியால் வரும் வரவு சொற்பம், வரியில்லாமலும் அறம் நடக்கும் என்ற அவர்கள் வாதம் பலவீனமானதன்று.

இந்தியாவில் 1953 முதல் நடப்பிலிருந்த எஸ்டேட் டியூட்டியின் (இறந்தவர் சொத்துமீதான வரியின்) உச்ச விகிதம் 85 சதவீதம். ஆனால் வசூல் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாய்தான் என்பதால் 1985இல் அது நீக்கப்பட்டது. டாடா அறக்கட்டளைகளோ அந்த வரி பிறப்பதற்கு முன்பே தோன்றி, 1941இல் மும்பையில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பிவிட்டன. ஆகவே எல்லா அறக்கட்டளையும் வரிக்குப் பயந்து பிறந்ததில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது வேறொன்று: செலவிடுபவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? 1935இல் அமெரிக்கா இறந்தவர் விட்டுச்செல்லும் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு வரியை 70 சதவீதமாக உயர்த்தியது. மறு ஆண்டு ஃபோர்டு கார் நிறுவனக் குடும்பத்தின் ஃபோர்டு அறக்கட்டளை பிறந்தது. 1943இல் எட்சல் ஃபோர்டும் 1947இல் அவர் தந்தை ஹென்றியும் இறந்தபின், நிறுவன முடிவுகளில் வாக்குரிமையற்ற பங்குகள் அறக்கட்டளைக்குப் போக, வாக்குரிமையுள்ளவை குடும்பத்திடமே தங்கின. வரியும் மிச்சமாயிற்று, நிறுவனத்தின் கடிவாளமும் கைவிட்டுப் போகவில்லை. அந்த அறக்கட்டளை 1952இல் தில்லியில் அலுவலகம் திறந்தது. 1959இல் அதன் ஆதரவில் வந்த நிபுணர் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து உருவான, சில மாவட்டங்களில் விளைச்சலைப் பெருக்க முனைந்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் தஞ்சாவூரும் ஒன்று. திட்டத்தை ஏற்றது நம் அரசுதான். அரிசித் தட்டுப்பாடு பெரும் பேச்சாயிருந்த 1967 தேர்தலில் மதராஸ் மக்கள் ஆட்சியையே மாற்றிக் காட்டினார்கள். யோசனை சொல்லிப் பணமும் தந்த அறங்காவலர்களை மாற்ற இங்குள்ள விவசாயிக்கும் வழியில்லை, அமெரிக்க வாக்காளருக்கும் வழியில்லை.

1969இல் வந்த அமெரிக்கச் சட்டம், கொடையாளரும் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு நிறுவனத்தில் வைத்திருக்கும் பங்குக்குப் பொதுவாக 20 சதவீத வரம்பு விதித்ததால், ஃபோர்டு குடும்பம் சென்ற பாதை இன்று பெருமளவு அடைபட்டிருக்கிறது. நான் தணிக்கை செய்தவை சிறு ஊர் அறக்கட்டளைகள் மட்டுமே (அவற்றில் அறங்காவலர் இறந்தால் பெரும்பாலும் மகன் வந்து உட்காருவார்). கோடிகள் புரளும் இடத்தின் உள்நடப்பு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அமெரிக்கர் உயிரோடிருக்கும்போது கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவில் உச்சவரம்பு உண்டு. உயிலில் அறத்துக்கு எழுதும் தொகைக்கு எஸ்டேட் வரியில் அப்படியொரு வரம்பே கிடையாது. அங்கேயும் ஒரு வரம்பு வந்தால் என் வாக்கை மறுபடி யோசிப்பேன்.