கேட் வால்வு வாங்குகிறீர்களா? பானட்டைத் திறந்து வெட்ஜை ஆட்டிப் பாருங்கள்

ஈரோடு பக்கம் ஒரு காகித ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. போன வருடம் 250 மிமீ கேட் வால்வு மூன்று வாங்கி ஏமாந்தோம். தெரியாதவர்களுக்கு: ஹேண்ட்வீலைச் சுற்றினால் ஸ்டெம் என்கிற கம்பி, வெட்ஜ் என்கிற ஆப்பு வடிவக் கதவைக் குழாய்க்குக் குறுக்கே ஏற்றி இறக்கும், அதுதான் கேட் வால்வு. அதன் மேல்மூடி பானட், கூடு பாடி. விற்றது கோவையில் ஒரு கம்பெனி. பெயர் போடவில்லை. கோவையில் நல்ல வால்வு செய்பவர்கள் நிறைய உண்டு, அவர்களுடைய வால்வுகள் எங்கள் ஆலையிலேயே வருடக்கணக்கில் ஓடுகின்றன. அதனால் இதை ஊர்மேல் போட்ட பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வால்வு உட்காரும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மீதி புரியாது. எங்கள் தண்ணீர் ஹெட்டரில், அதாவது கிளை லைன்கள் பிரிகிற பெரிய குழாயில், எப்போதும் 6 கிலோ (சதுர செமீக்கு) பிரஷர் நிற்கும். அதிலிருந்து பிரிகிற 250 லைன் ஒரு திறந்த தொட்டியில் போய் விழுகிறது. வால்வுக்கு இந்தப் பக்கம் 6 கிலோ, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று தடவை திறந்து மூடுவார்கள்.

25 செமீ விட்டத்துக்குப் பரப்பு சுமார் 490 சதுர செமீ. அதை 6-ஆல் பெருக்கினால் 2,900 கிலோவைத் தாண்டும். அதாவது மூடிய வெட்ஜைத் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று டன் பலத்தோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. முழுசாக மூடியிருக்கும்வரை கவலையில்லை, வெட்ஜ் போய் உட்காருகிற வளையமான சீட் ரிங் சுற்றிலும் தாங்கிக்கொள்ளும். வெட்ஜ் சீட்டை விட்டு ஏற ஆரம்பிக்கும்போதும், திரும்ப மூட வருகிற கடைசிச் சுற்றுகளிலும்தான் சோதனை. அப்போது தள்ளும் பலம் பெரும்பகுதி அப்படியே இருக்கும், சுற்றிலும் தாங்க சீட் இருக்காது. அந்த நேரத்தில் தாங்க வேண்டியவை பாடியின் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கிற கைடுகள். ஏரி மதகில் பலகை இறங்குகிற காடியை நினைத்துக்கொள்ளுங்கள். காடி அகலமாகிவிட்டால் பலகை கோணிக்கொண்டு நடுவில் சிக்கும். இங்கேயும் அதே கதைதான்.

நாங்கள் ஒப்புதல் கொடுத்த டிராயிங்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. கைடு மெஷினிங் செய்தது, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, தேய்கிற முகத்தில் ஹார்ட்ஃபேசிங் (கடினமான உலோகப் பூச்சு). விலையும் மற்ற இரண்டு கொட்டேஷனைவிடக் குறைவு. ஆர்டர் போய் மூன்று வாரம் கழித்து ‘ரெவ் 1’ (முதல் திருத்தம்) என்று ஒரு டிராயிங் மெயிலில் வந்தது. ஹேண்ட்வீல் அளவு மாறியிருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். ஹேண்ட்வீல் அளவை மட்டும் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். கைடு பற்றிய அந்த ஒரு வரிக் குறிப்பு ரெவ் 1-இல் இல்லை. மாற்றம் எதுவானாலும் முக்கோணம் போட்டுக் காட்டுவது வழக்கம். ஹேண்ட்வீலுக்கு முக்கோணம் இருந்தது, இதற்கு இல்லை. என்னைப் பொறுத்தவரை ஏமாற்று நடந்தது அந்தத் தாளில்தான், காஸ்டிங்கில் (வார்ப்பில்) இல்லை.

வால்வோடு வந்த டெஸ்ட் சர்டிபிகேட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாடி 30 கிலோ, சீட் 22 கிலோ, இரண்டிரண்டு நிமிடம், கசிவில்லை. அது பொய்யும் இல்லை. பாடி டெஸ்டில் கூடு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். சீட் டெஸ்டில் வால்வை இறுக்கி மூடிவிட்டுப் பிரஷர் கொடுப்பார்கள், அப்போது வெட்ஜுக்குச் சீட் முட்டுக்கொடுத்திருக்கும். பிரஷரோடு பாதி வழியில் வெட்ஜ் எப்படி நிற்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. நானும் இத்தனை வருடம் அதைக் கேட்டதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். மூடும்போது கடைசி ஐந்தாறு சுற்றில் ஹேண்ட்வீல் டக் டக்கென்று உதைக்க ஆரம்பித்தது. அப்புறம் பைப் போட்டு இரண்டு பேர் இழுக்கிற நிலை. ஸ்டெம் வெளியே வருகிற இடத்தில் கசிவை அடைக்கிற கிளாண்டில் ஒரு பக்கமாக மட்டும் சொட்டியது, இறுக்கினால் நிற்கும், மறுநாள் மறுபடி சொட்டும். கடைசியில் ஒரு இரவு ஷிஃப்டில் வால்வு மூடியும் தண்ணீர் நிற்காமல் தொட்டி வழிந்து, பக்கத்து மோட்டார் பெட் முழுவதும் தண்ணீர்.

பானட்டைக் கழற்றினோம். எங்கள் மூத்த ஃபிட்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சார், இது மெஷினே பாக்கலீங்க” என்றார். கைடு முகத்தில் காஸ்டிங் தோல் அப்படியே இருந்தது. விரலால் தடவினால் மணல் பதிந்த சொரசொரப்பு, அதன்மேல் பெயின்ட். வெட்ஜின் கீழ் விளிம்பு மழுங்கி, தொட்டிப் பக்கச் சீட் ரிங்கின் அடிப்பாதியில் இரண்டு ஓரமும் பிறை மாதிரி கோடு விழுந்திருந்தது. மேல்பாதி புதுசு போலப் பளபளப்பு. ஸ்டெம்மை லேத்தில் பிடித்துச் சுற்றினால் கண்ணுக்கே தெரிகிற வளைவு. கிளாண்ட் ஏன் ஒரு பக்கமாகச் சொட்டியது என்பது அப்போதுதான் விளங்கியது. காடி தாங்காத சுமையை ஸ்டெம் தாங்கப் பார்த்திருக்கிறது. மேலும் கீழும் இழுப்பதற்குச் செய்த கம்பி அது, பக்கச்சுமைக்கு அல்ல.

கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். தண்ணீரில் மணல் இருக்கும் சார் என்றார்கள். மணல் இருந்தால் மேல்பாதியும் தேய்ந்திருக்க வேண்டாமா? அடுத்து, நீங்கள் பாதி திறந்து வைத்து ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆரம்பத்தில் நான்கு நாள் எங்கள் ஆப்பரேட்டர் கால்வாசி திறந்து வைத்துத் தண்ணீரை அளவுபடுத்தியிருக்கிறார். கேட் வால்வை அப்படிப் பயன்படுத்தக் கூடாது, தப்பு எங்களுடையது. ஆனால் மூன்றாவது வால்வு ஸ்டோரை விட்டு வெளியே வரவே இல்லையே! அதையும் திறந்து, வெட்ஜைப் பாதி உயர்த்தி, கடப்பாரையால் நெம்பி, அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். ஆட்டம் 7 மிமீ. கைடு தாங்குவதற்கு முன்பே வெட்ஜின் விளிம்பு சீட்டில் உரசிவிடும் அளவு. அதைச் சொன்னதும், நீங்கள் கையெழுத்துப் போட்ட ரெவ் 1-ஐப் பாருங்கள் என்று பதில் வந்தது.

ஆர்டரில் ஏபிஐ 600 (கேட் வால்வுக்கான அமெரிக்கத் தரநிலை) என்று எழுதியிருந்தோம். வால்வை எந்தப் பக்கம் சாய்த்துப் போட்டாலும் கேட்டும் ஸ்டெம்மும் நேர்கோட்டில் நிற்கும்படி, சீட் தேயாதபடி கைடு இருக்க வேண்டும் என்பது அந்தத் தரநிலையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டியபோது பேச்சு நின்றது. பதிலும் நின்றது.

இப்போது ஆர்டர் போடும்போது மூன்று விஷயம் சேர்க்கிறேன். டிராயிங்கில் கைடு இடைவெளி எண்ணாக இருக்க வேண்டும். அனுப்புமுன் பானட் மூடாமல் ஒரு வால்வை எங்கள் ஆள் நேரில் ஆட்டிப் பார்ப்பார். ஒரு வால்வையாவது ஒரு பக்கம் முழு பிரஷர், மறு பக்கம் காலி என்று வைத்துத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குச் சிலர் தனிக் காசு கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன். ஸ்டெம் படுத்திருக்கும்படி வால்வைப் போடுவதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்ஜின் எடையும் சேர்ந்து கைடு மேல்தான் உட்காரும். ‘எப்படி வேண்டுமானாலும் போடலாம் சார்’ என்கிற பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கெட்டுப்போன இரண்டையும் உள்ளூர் பட்டறையில் கைடு முகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்ட் ஏற்றி, மில் செய்து, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஸ்டெம் புதிதாகப் போட்டு, சீட்டை லேப் செய்து (தேய்த்துச் சமப்படுத்தி) மாட்டிவிட்டோம். இப்போது ஒரு கையால் மூடலாம். கம்பெனிக்குத் தர வேண்டிய கடைசி பத்து சதவீதம் எங்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு மாதம் ஒரு போன் வருகிறது, நானும் மாதம் ஒருமுறை அந்த மூன்றாவது வால்வின் வெட்ஜை ஆட்டி எடுத்த வீடியோவை அனுப்பி வைக்கிறேன்.