ஆல்வேஸ்-ஆனா, பூட்-ஆனா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி லினக்ஸ் ஏற்றுபவர்களுக்கு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) ரெகுலேட்டர் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் சுற்று) எழுதும்போது, அதற்கு ஆல்வேஸ்-ஆன் போடுவதா, பூட்-ஆன் போடுவதா என்ற குழப்பம் வந்தே தீரும்.

பொருள்
ஆல்வேஸ்-ஆன்: கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இந்த சப்ளையை ஒருபோதும் அணைக்கக் கூடாது.
பூட்-ஆன்: பூட்லோடர் (கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) ஏற்கெனவே ஆன் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

யாரும் பயன்படுத்தாவிட்டால்
ஆல்வேஸ்-ஆன்: ஓடிக்கொண்டே இருக்கும்.
பூட்-ஆன்: இங்கேதான் வம்பு. இப்போதைய கெர்னல்கள் பூட் ஆகி ஏறக்குறைய 30 விநாடி கழித்து, யாரும் கேட்காத ரெகுலேட்டர்களை அணைத்துவிடும், அதனால் டிஸ்ப்ளே நன்றாக வந்துவிட்டு திடீரென இருண்டால் டிவைஸ் ட்ரீயின் பேனல் நோடில் (திரைக்கான பகுதி), எந்த ரெகுலேட்டர் தனக்கு வேண்டும் என்று சொல்லும் பவர்-சப்ளை வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேட்டரி
ஆல்வேஸ்-ஆன்: வீண் செலவு.
பூட்-ஆன்: டிரைவர் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) விட்டதும் அணையும்.

பலர் எல்லாவற்றிலும் ஆல்வேஸ்-ஆன் போட்டுத் தப்பிக்கிறார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் விடுபட்ட சப்ளை வரி கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, எதற்கு எது? டிடிஆர் ரேம் மாதிரி, கேட்க டிரைவரே இல்லாததற்கு ஆல்வேஸ்-ஆன். பூட் லோகோ காட்டும் பேனலுக்கு பூட்-ஆன், கூடவே சப்ளை வரி. வைஃபை, கேமராவுக்கு பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம், டிரைவர் பார்த்துக்கொள்ளும்.