சாதா, கிளிசரின், டிஜிட்டல்: ஏர் டேங்குக்கு எந்த கேஜ்?

பிஸ்டன் கம்ப்ரஸர் ஓடும்போது டேங்கில் இருக்கும் சாதா கேஜைப் (அழுத்தமானி) பாருங்கள். முள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நடுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். மோட்டார் நின்று முள் அடங்கிய பிறகு, டயலுக்கு நேர் எதிரே நின்று படிப்பதுதான் கணக்கு.

சாதா கேஜுக்குள் இருப்பது 1849-இல் பிரான்ஸில் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடுதான். வளைத்து வைத்த தட்டைக் குழாய் ஒன்று, உள்ளே அழுத்தம் ஏற ஏற நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கெடுவதும் பெரும்பாலும் இந்தப் பல்தான். டேங்க் எப்போதும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்பதால், அதே நாலைந்து பற்கள் மட்டும் உரசிக்கொண்டே இருக்கும். காற்றை வெளியேற்றினால் முள் ஒழுங்காக 0-க்கு வந்து நிற்கும். தப்பு காட்டுவது வேலை அழுத்தத்தில். போதாக்குறைக்குப் பல கேஜ்களில் 0-விலேயே முள்ளைத் தடுக்கும் சிறு ஆணி ஒன்று இருக்கும். முள் 0-க்குக் கீழே போக நினைத்தாலும் அது நமக்குத் தெரியாது.

கிளிசரின் கேஜிலும் இதே குழாய், இதே பல். எல்லாம் கெட்டியான திரவத்துக்குள் முழுகி இருப்பதால் நடுக்கம் அடங்குகிறது, பல்லுக்கு எண்ணெய் போட்டது போலவும் ஆகிறது, ஈரமும் உள்ளே புகாது. மேலே கொஞ்சம் காலி இடம் தெரிந்தால் ஒழுகிவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் திரவம் விரிய அந்த இடம் வேண்டும், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். உச்சியில் ரப்பர் மூடியோ சிறு வால்வோ இருந்தால், கேஜை மாட்டிய பிறகு அதைத் திறந்துவிட வேண்டிய மாடலா என்று பாருங்கள். திறக்காமல் விட்டால் வெயிலில் கூட்டுக்குள்ளேயே அழுத்தம் சேர்ந்து முள்ளைக் கொஞ்சம் நகர்த்தும். நாளாக ஆகத் திரவம் மஞ்சளாகி டயல் மங்குவதுதான் இதன் பெரிய குறை.

டிஜிட்டல் படிக்கச் சுகம். ஆனால் 7.03 என்று காட்டுவதால் மட்டும் அந்த 3 உண்மையாகிவிடாது. சென்சாரின் துல்லியம் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் திரை வெறுமை. காற்று இருக்கும்போது தெரியாமல் 0 பட்டனை அழுத்திவிட்டால், அப்புறம் காட்டுவதெல்லாம் பொய் (சில மாடல்கள் இதை அனுமதிக்காது).

பிஸ்டன் கம்ப்ரஸர் டேங்கிலேயே நிரந்தரமாக இருக்க என் ஓட்டு கிளிசரினுக்கு. அதிராத இடத்தில், தனியாக நிற்கும் டேங்குக்குச் சாதாவே போதும். டிஜிட்டலை டேங்கில் மாட்டுவதைவிட, மற்ற கேஜ்களைச் சரிபார்க்கும் கேஜாகப் பெட்டியில் வைத்திருப்பேன்.

எதை வாங்கினாலும் அளவு முக்கியம். 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை ஏறும் டேங்குக்கு 10 பார் வரை காட்டும் கேஜ் போட்டால் முள் எப்போதும் கடைசி மூலையிலேயே கிடந்து குழாய் களைத்துப்போகும். 16 பார் போடலாம். டயலில் சின்னதாக 1.6 என்று இருப்பது முழு அளவில் 1.6 சதவீதம் பிழை வரலாம் என்பதற்கு. 16 பாரில் அது கிட்டத்தட்ட கால் பார். 2 பாரில் படித்தாலும் அதே கால் பார்தான். கூடவே எந்த வட்டம் பார், எது பிஎஸ்ஐ (இன்னொரு அழுத்த அலகு) என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

சரிபார்க்க எளிய வழி: பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும் இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து அந்த இடம் நகர்ந்திருந்தால் கேஜ் அல்லது சுவிட்ச், இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று டிஜிட்டலை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாற்றும்போது ஸ்பேனரை அடியில் உள்ள சதுரக் கட்டையில் போடுங்கள். வட்டக் கூட்டைப் பிடித்துத் திருகினால் புது கேஜும் அன்றே கெடும். கழற்றும் முன் கேஜ் 0 காட்டுகிறதே என்று நம்பாதீர்கள், சந்தேகமே அதன் மேல்தானே! டேங்கில் தண்ணீர் வடிக்கும் வால்வைத் (drain) திறந்து சீறல் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள். திறந்ததுமே சத்தமே இல்லையா? துரு அடைத்திருக்கலாம். காற்று வெளியேறும் வால்வையும் திறந்து பார்த்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.