தீப்பெட்டிக் குடோன் மாடியில் ஒரு இலவச வகுப்பு

குடியாத்தத்தில் அரசுப் பள்ளி பிளஸ் டூ பிள்ளைகளுக்காகச் சனி, ஞாயிறு காலைகளில் நடக்கிற வகுப்பு இது. தீப்பெட்டிக் குடோனுக்கு மேலே ஒரே ஒரு ஹால். பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள். இருக்கிற அறுபது பேருக்கே பாய் போதவில்லை. என் தங்கை போன வருஷம் அங்கே படித்தாள். நான் ஐடிஐ முடித்துவிட்டு ஷிப்டு வேலைக்குப் போகிறவன். அம்மா பீடி சுற்றுகிறார். கல்லூரி வாசற்படி மிதித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வகுப்பு தேறாது. வருகிறவர் பாதி நேரம் கனவு காணச் சொல்வார், மீதி நேரம் கைதட்டச் சொல்வார். தங்கையின் நோட்டில் அந்தப் பக்கங்களில் கோலம்தான் இருக்கிறது. கழிப்பறை கிடையாது. பெண் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கேட்டால், "இடமே ஓசி தம்பி" என்றார்கள். அது ஒரு பதிலா?

கணக்கு எடுப்பவர் ஓய்வு பெற்ற வாத்தியார், நன்றாகவே எடுக்கிறார். ஆனால் நான் இதை எழுதுவது கணக்குக்காக இல்லை, காகிதத்துக்காக.

வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஆகஸ்டில் பெற்றோரைக் கூப்பிட்டார். அம்மாவுக்குப் பதில் நைட் ஷிப்டு முடிந்து நான் போனேன். மார்க்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஆறாவது எங்க படிச்சா?" என்றார். ஒரு மெட்ரிக் பள்ளியில். அப்பா இருந்தபோது ஆசைப்பட்டு, கடன் வாங்கி ஃபீஸ் கட்டிச் சேர்த்தது. ஒரே வருஷம்தான், ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத இடஒதுக்கீடு. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அந்த ஆறாம் வகுப்பு குறுக்கே நிற்கிறது. அப்பாவின் அந்த ஒரு வருஷ ஆசை இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அக்கா பூசி மெழுகவில்லை. "அது வராது. அடுத்தத பாக்கலாம். அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் அட்டை இருக்கா?"

இருந்தது. டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில், போட்டோ உரிந்துபோய். பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசு உதவித்தொகை தருகிறது என்பது இத்தனை வருஷம் பீடி சுற்றிய அம்மாவுக்கே தெரியாது. அப்புறம் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று. இந்த இரண்டு சான்றுகளுக்கும் பொதுத்தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வைத்தார். ரிசல்ட் வந்த பிறகு போய் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது.

ஏப்ரலில் சாய்ஸ் ஃபில்லிங் பயிற்சி, அதாவது பொறியியல் கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதற்கான பயிற்சி. எந்தக் கல்லூரியில் எத்தனை மார்க் வரை இடம் கிடைத்தது என்று காட்டும் முந்தைய வருஷக் கட்ஆஃப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆளுக்கு நாற்பது கல்லூரிகளை வரிசையாக எழுதச் சொன்னார்கள். தங்கை தனக்குக் கிடைக்கும் என்று நினைத்ததை மேலே போட்டிருந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "உனக்கு எது வேணுமோ அத மேல எழுது. கெடைக்குமா கெடைக்காதாங்கறத கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று மறுபடி எழுத வைத்தார்கள். மூன்று முறை எழுதினாள்.

ரிசல்ட் வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரி ஏஜென்ட் வீடு தேடி வந்தார். பத்தாயிரம் கட்டினால் சீட்டைப் பிடித்து வைக்கிறாராம், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுக்க வேண்டுமாம். ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் அம்மா அவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்.

கணக்கில் 86. இயற்பியல் 78, வேதியியல் 82, இந்த இரண்டிலும் பாதிதான் கணக்கில் சேரும். மொத்தக் கட்ஆஃப் 166. வேலூர் பாகாயத்தில் இருக்கிற தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) கிடைத்தது. மூன்றாம் முறை எழுதிய பட்டியலில் அது ஐந்தாவது. முதல் தடவை எழுதியபோது பட்டியலிலேயே இல்லை. தினமும் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது ஆங்கிலத்துக்கோ கழிப்பறைக்கோ இல்லை. பிளஸ் டூவில் வந்து ஆறாம் வகுப்பைக் கேட்கிறார்களே, அதற்குத்தான். ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகளின் வீட்டாரை வருஷத்துக்கு ஒரு ஞாயிறு கூப்பிட்டால் போதும். அக்காவிடம் சொன்னேன். "ஆள் இல்ல, நீங்க வர்றீங்களா?" என்றார். ஷிப்டு மாறினால் போகலாம் என்றிருக்கிறேன்.

புது பேட்ச் ஜூனில். ஜெராக்ஸுக்கு ஐம்பது ரூபாய், நீள நோட்டு ஒன்று, வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளும் கொண்டு போங்கள். பாட்டி வீடு படி இறங்கியதும் இடது பக்கம்.