பரத்பூர் சைக்கிள் ரிக்‌ஷா: கேமராவோடு போகிறவர்களுக்கு

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போனால், வாயிலில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வரிசையாக நிற்கும். பறவைப் படம் எடுக்கப் போகிறவர்கள் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். ஓட்டுபவர்களுக்குப் பறவைகளைக் காட்டப் பயிற்சி கொடுத்திருப்பதால் தனியாக வழிகாட்டி தேவைப்படவில்லை. கட்டணம் மணிக்கணக்கு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓட்டுபவருக்கு நஷ்டமில்லை, அதனால் அவசரப்படுத்துவதில்லை.

நான் போனது அக்டோபர் கடைசியில். எனக்கு வாய்த்தவர் வயதான ஒரு சர்தார்ஜி. தினமும் அதே பாதையில் போய் வருவதால் பறவைகளுக்கு ரிக்‌ஷா பழகிப்போன பொருள். சாலையோர மரத்தில் பாம்புத்தாரா என்கிற நீளக் கழுத்து நீர்ப்பறவை ஒன்று இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றதும் கழுத்தை வளைத்து ஒரு தடவை பார்த்தது. அப்புறம் அலகால் மார்பு இறகைக் கோதத் தொடங்கிவிட்டது. நான் கீழே இறங்கக் காலை எடுத்தேனோ இல்லையோ, கோதுவதை நிறுத்திவிட்டு உடம்பை ஒடுக்கியது. சர்தார்ஜி கையைக் காட்டி, “உட்காருங்க மகளே, உங்க லென்ஸ் போதும்” என்றார். நனைந்த இறகோடு அதைக் கிளப்பிவிட்டால் அதற்கு எவ்வளவு சிரமம் என்று அவரே விளக்கினார். நான் உட்கார்ந்ததும் பறவையும் பழையபடி கோத ஆரம்பித்தது. நானூறு மில்லிமீட்டர் லென்ஸில், சத்தமில்லாத ஷட்டரில், நல்ல படங்கள் கிடைத்தன.

மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகள் இருந்த இடத்தில் வண்டியைப் பாதையின் மறு ஓரமாக நிறுத்தினார். உச்சி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. நாம் நெருங்கிப்போய் அது எழுந்து பறந்தால் அந்தக் குஞ்சுகள் வெயிலிலும் காக்கை, பருந்தின் கண்ணிலும் தனியாக மாட்டும். இதற்கு மேல் நெருக்கமான படம் எனக்கு வேண்டாம்.

வேறொரு வண்டியில் வந்த ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை கண் திறக்க வேண்டுமென்று கை தட்டச் சொன்னார். அவருடைய ஓட்டுநரும் தட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் சர்தார்ஜி, “ராத்திரி வேலை பார்க்கிறவங்களைப் பகல்ல எழுப்பலாமா?” என்று கேட்டுவிட்டு எங்களை அங்கிருந்து நகர்த்திக்கொண்டு போனார். போனில் பறவையின் குரலைப் போட்டு அழைக்கும் வேலையும் அவரிடம் கிடையாது.

பூங்காவுக்குள் கேவலாதேவ் கோயில் பக்கம் வேட்டைக் கணக்கு செதுக்கிய கல்வெட்டுகள் இருக்கின்றன, கட்டாயம் நின்று படியுங்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. வேட்டைக்கு ஆள் வைத்துப் பறவைகளைக் கிளப்பிவிட்ட அதே சதுப்பு நிலத்தில், பறக்கும் படம் வேண்டுமென்று இன்றும் கல்லெறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. விரட்டுவதும், கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அதற்குள் வரும். துப்பாக்கிக்குப் பதில் கையில் கேமரா இருப்பதால் அது மாறிவிடாது.

குறை என்றால், இருக்கை குறுகல். இரண்டு பேரும் இரண்டு கேமராப் பையும் ஏறினால் முழங்கால் மடங்காது. ஒரு வண்டிக்கு ஒரு புகைப்படக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்காலி விரிக்க இடமில்லை, லென்ஸைத் தாங்க ஒரு பீன்பேக் (மணிகள் நிரப்பிய சின்னப் பை) எடுத்துப் போனால் கைப்பிடிமேல் வைக்கலாம். ஜனவரியில் போனால் காலையில் பனிமூட்டம் கலைய நேரமாகும், பிற்பகலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எல்லா ஓட்டுநரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள் என்பதையும் பார்த்துவிட்டேன். அதனால் ஏறும்போதே, கை தட்டக் கூடாது, போனில் பறவைக் குரல் போடக் கூடாது, கூட்டுக்குக் கிட்டே போகக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டுகிறவரின் வண்டியில் ஏறுங்கள், இறங்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்.