மார்பில் அணியும் கேமரா: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரோந்துக் காவலர்களுக்கென்று எங்கள் துறை வாங்கித் தந்த மார்பு கேமராவை 14 மாதங்களாக அணிந்து வருகிறேன். இதை அணிந்தால் பொய்ப் புகாரிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும், மக்களிடம் மரியாதையும் கூடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது அப்படியில்லை.

கருவி சீட்டுக்கட்டு அளவுதான். எடை 150 கிராமுக்குள். சட்டைக்கு உட்புறம் வைக்கும் காந்தத் தகடுதான் இதைப் பிடித்துக்கொள்கிறது. ஓடினால் தாங்குகிறது, தள்ளுமுள்ளில் தாங்குவதில்லை. ஒருமுறை கழன்று விழுந்து, கூட்டம் கலையும் வரை செருப்புகளை மட்டும் மிகத் தெளிவாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. 12 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் அச்சிட்ட பேட்டரி, விடாமல் பதிவு செய்தால் 7 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. லென்ஸ் அகலக் கோணமுடையது என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் என்மீது பாய்ந்தவர் பதிவில் சற்றுத் தள்ளி நின்று பேசுபவரைப் போலத் தெரிகிறார். அதை அறையில் அமர்ந்து பார்ப்பவருக்கு நான் ஏன் பின்வாங்கினேன் என்பது விளங்குவதில்லை.

பெரிய குறை வேறு. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளையும் கருவி தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எங்களுக்குக் கொடுத்த அமைப்பில் அந்த 30 விநாடிகளுக்கு ஒலி கிடையாது. ஒருவர் என் தாயைப் பழித்துப் பேசுகிறார், நான் பொத்தானை அழுத்திவிட்டுக் கடுமையாகப் பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் அவருடைய வாய் மட்டும் அசைகிறது, என் குரல் மட்டும் கேட்கிறது. இப்படி ஒரு பதிவை வைத்துக்கொண்டு மேலதிகாரி முன் விளக்கம் சொன்ன நாளிலிருந்து, வண்டியை விட்டு இறங்கும்போதே பொத்தானை அழுத்திவிடுகிறேன்.

பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு கேமராவில் எரிந்தவுடன் பலருடைய குரல் தணிவது உண்மைதான். நள்ளிரவில் வண்டியை நிறுத்தியதற்காக என் சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கை நீட்டிய ஒருவர், விளக்கைக் கண்டதும் நீட்டிய கையாலேயே தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அவர் தணிந்தது கேமராவுக்காகத்தான். அதை எனக்குக் கிடைத்த மரியாதையாகக் கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாறுவது நான்தான். சிலர் உடனே தங்கள் கைபேசியை உயர்த்தி எதிர்ப்பதிவு எடுக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. உள்ளபடி சொன்னால், இந்த விளக்கு அதிகமாக மாற்றியது என்னைத்தான். 10 மணி நேரம் நின்ற கால்வலியில் ஒருமையில் விளிக்கத் தோன்றும் வேளையில், நாக்கு தானாகவே பன்மைக்கு வந்துவிடுகிறது.

விளக்கு கெடுத்த காரியமும் உண்டு. மகன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த ஒரு மூதாட்டி, என் முகத்தைப் பார்க்காமல் மார்பில் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் “ஒன்றுமில்லை ஐயா” என்பதே பதில். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதிவை நிறுத்தலாம் என்று எங்கள் விதி அனுமதிக்கிறது. ஆனால் கேட்கலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நானே எடுத்துச் சொல்லி, நிறுத்துவதற்கான காரணத்தையும் பதிவில் சொல்லிவிட்டு அணைத்தேன். அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். தீர்ப்பு தமக்குச் சாதகமா என்பதைவிட, தாம் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நியாயமாக நடத்தினார்களா என்பதை வைத்தே மக்கள் காவலரை மதிப்பிடுகிறார்கள் என்று டாம் டைலர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். அவருடைய எழுத்து எனக்கு விளங்கியது அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

விற்பனையாளர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கி ஓராண்டு நடந்த சோதனையை. அங்கே காவலர்கள்மீதான புகார்கள் முந்தைய ஆண்டின் 24இலிருந்து 3ஆகக் குறைந்தன. ஆனால் அதே நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி எங்களுக்குப் பயிற்சி அளிக்க வந்தவர் வாய் திறக்கவில்லை.

பணி முடிந்தபின் கருவியைத் தாங்கியில் செருகி, ஒவ்வொரு பதிவுக்கும் வழக்கு விவரம் எழுத வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம் அதற்கே போகிறது. எந்தப் பணி அட்டவணையிலும் அந்த அரை மணி நேரம் இல்லை.

5க்கு 3 புள்ளிகள் தருவேன். வாங்கப்போகும் துறைகள் முந்தைய விநாடிகளுக்கும் ஒலியைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். அணியப்போகும் காவலர், காந்தத் தகட்டுக்குப் பதிலாகத் தோள்பட்டையில் பூட்டும் கொக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எனக்கு அது 9ஆவது மாதத்தில்தான் கிடைத்தது.