44 மேக்னமா, 454 கசூலா, 500 மேக்னமா?

பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) ரிவால்வர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "குண்டு எவ்வளவு பெருசு, எவ்வளவு வேகம்?" என்பதைத்தான். அந்த இரண்டும் தோட்டாப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். பெட்டியில் இல்லாத கேள்விகள் வேறு: சுட்டதும் கைக்கு என்ன திரும்பி வருகிறது? ஒரே மூச்சில் எத்தனை தோட்டா ஒழுங்காகச் சுட முடிகிறது? அதே சிலிண்டரில் எந்தச் சாதுவான தோட்டாவைப் போட்டுப் பழகலாம்? 44 மேக்னம், 454 கசூல், 500 மேக்னம் என்ற மூன்று தோட்டாக்களையும் இந்தத் தராசில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜாதகம். 44 மேக்னம் 1955-ல் பிறந்தது. எல்மர் கீத் என்ற அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் பல வருடம் 44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவின் கூட்டில் (பித்தளை உறையில்) வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்து, தோட்டா செய்யும் ரெமிங்டனையும் ரிவால்வர் செய்யும் ஸ்மித் அண்ட் வெஸனையும் நச்சரித்து வரவழைத்த தோட்டா அது. பெயரில் 44 இருந்தாலும் குண்டின் விட்டம் 0.429 அங்குலம், அதாவது 10.9 மி.மீ. உச்ச அழுத்தம் 36,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 454 கசூல், டிக் கசூல் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் 1950களில் 45 கோல்ட் கூட்டை நீட்டி உருவாக்கியது. ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் அதற்கென்று ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவர 1983 ஆயிற்று. குண்டு 11.5 மி.மீ., அழுத்தம் 65,000. இது ரைஃபிள் தோட்டாக்களின் அழுத்தம். 500 மேக்னம் 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்தது. குண்டு 12.7 மி.மீ., அழுத்தம் 60,000-ஐ ஒட்டி. இருக்கிற சட்டகம் எதுவும் இந்தத் தோட்டாவைத் தாங்காது என்பதால் எக்ஸ் ஃப்ரேம் என்று புதிதாகவே ஒன்றைச் செய்தார்கள். அதிலும் ஐந்து அறைதான்.

இனி உதை. 240 கிரெய்ன் (15.5 கிராம்) குண்டை நொடிக்கு 410 மீட்டரில் தள்ளும் 44 மேக்னத்தை, 6 அங்குலக் குழலும் 1.28 கிலோ எடையும் உள்ள ரிவால்வரில் சுட்டால், கணக்குப்படி கைக்கு வருவது சுமார் 26 ஜூல். சாதாரண 9 மி.மீ. பிஸ்டலில் இது 7 ஜூலைத் தாண்டாது. 300 கிரெய்ன் குண்டோடு 454 கசூலை ஒன்றரைக் கிலோ ரிவால்வரில் சுட்டால் 48 ஜூல். 440 கிரெய்ன் குண்டோடு 500 மேக்னத்தை இரண்டு கிலோவுக்கு மேலான எக்ஸ் ஃப்ரேமில் சுட்டால் 70-ஐத் தொடும்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால் 500-தான் முரடு என்று தோன்றும். ரிவால்வர் பின்னால் வரும் வேகத்தைக் கணக்குப் போட்டால் படம் மாறிவிடுகிறது. 44-ல் நொடிக்கு ஆறரை மீட்டர். 454-ல் எட்டு. 500-லும் எட்டுக்குச் சற்று மேல்தான். கனமான 500 தோளையே பின்னுக்குத் தள்ளுகிற தள்ளு. இலேசான 454 உள்ளங்கையில் அறைகிற அறை. இரண்டையும் சுட்டவர்களில் பலர் 454-ஐயே அதிகம் திட்டுவதற்குக் காரணம் இந்த வேகம்தான். இரண்டரை அங்குலக் குழல் வைத்த 454-ஐக் கரடிக் காட்டுக்குப் போகிறவர் இடுப்பில் சொருகிக்கொள்ளலாம். அதை வைத்துச் சுடப் பழகலாம் என்று நினைத்தால் பழக்கம் வராது, பயம்தான் வரும்.

குழல் முனையில் பிரேக் (வாயுவைத் திருப்பிவிடும் துளைகள்) இருந்தால் முனை மேலே எகிறுவது குறையும். ஆனால் இரைச்சல் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திரும்பும். இந்த மூன்றுமே 160 டெசிபலைத் தாண்டக்கூடியவை. காதுக்குள் நுரை (ஃபோம்) அடைப்பான், அதற்கு மேல் மூடி என்று இரண்டும் போடாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

சாதுத் தோட்டா என்ற கேள்வியில் 44 தனியாக முன்னே நிற்கிறது. 44 ஸ்பெஷல் அதே அறையில் சிக்கலில்லாமல் உட்காரும். கூடு மூன்று மி.மீ. குட்டை, அவ்வளவுதான். 1.28 கிலோ ரிவால்வரில் அதன் உதை 9 மி.மீ. பிஸ்டல் அளவுக்கு இறங்கிவிடும். 454-க்கு 45 கோல்ட் இருக்கிறது. 1873 காலத்துத் தோட்டா, 14,000 பி.எஸ்.ஐ., அருமையான பழகு தோட்டா. 454-ஐ வாங்க உருப்படியான காரணம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: 454 ரிவால்வர் பழகும் நாளில் 45 கோல்ட் சுடும், தேவைப்படும் நாளில் 454 சுடும். இங்கே ஓர் எச்சரிக்கை. ரூகர் போன்ற கனத்த சட்டகத்துக்கென்று கூடுதல் அழுத்தத்தில் செய்த 45 கோல்ட் தோட்டாக்களும் கிடைக்கின்றன. 454 சிலிண்டருக்கு அவை ஒரு பொருட்டில்லை. பழைய கோல்ட் ரிவால்வரிலோ அதன் நகலிலோ போட்டால் சிலிண்டர் பிளக்கும். 500-க்கும் ஸ்பெஷல் என்று குட்டைத் தோட்டா உண்டு. ஆனால் 44 ஸ்பெஷல், 45 கோல்ட் போல எங்கும் கிடைக்கிற சரக்கு அல்ல.

குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்டால் அறையின் உள்ளே, கூட்டின் வாய் முடிகிற இடத்தில் கரி வளையம் படியும். அதன் பிறகு நீளத் தோட்டாவைத் தள்ளினால் கடைசி மூன்று மி.மீ. இறுகும், சுட்ட கூடு வெளியே வர அடம்பிடிக்கும். வெண்கலப் பிரஷ்ஷில் சுத்தத் திரவம் தொட்டு ஒவ்வோர் அறையையும் பத்துத் தடவை தேய்த்தால் போய்விடும். மேக்னத்துக்கு மாறும் முன் இதைச் செய்ய வேண்டும், மாறிய பின் அல்ல.

இந்த வகை ரிவால்வருக்கே உரிய கோளாறு ஒன்று, குண்டு முன்னுக்கு நழுவுவது. ரிவால்வர் பின்னால் பாயும்போது சுடாத தோட்டாவின் கூடும் அதோடு பாய்கிறது. உள்ளே இருக்கும் கனமான குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாயை உள்பக்கம் இறுக்கி மடித்த மடிப்பு தளர்வாக இருந்தால், ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு சிறிது வெளியே வரும். நாலாவது ஐந்தாவது சூட்டில் அது சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டி, சட்டகத்தில் இடித்து, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். காட்டில் இது நடந்தால் கையில் இருப்பது இரண்டு கிலோ இரும்பு. சோதனை எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து குறித்துக்கொண்டு, அதைக் கடைசி அறையில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். கால் மி.மீ. நீண்டிருந்தாலே அந்தப் பெட்டியை வேட்டைக்குக் கொண்டு போகாதீர்கள். 454-ம் 500-ம் இதில் 44-ஐவிட மோசம்; இலேசான ரிவால்வர் இன்னும் மோசம்.

அடுத்தது, எரியாத மருந்துத் துகள். கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒரு துகள் போய் உட்கார்ந்தாலும் தகடு மட்டமாகப் படியாது. சிலிண்டர் மூடாது, மூடினாலும் இழுத்துக்கொண்டு சுற்றும். பலரும் அப்போது டைமிங் (அறை குழலுக்கு நேரே வந்து பூட்டும் ஒழுங்கு) போய்விட்டது என்று பழுதுபார்ப்பவரிடம் ஓடுகிறார்கள். ஒரு பல் துலக்கும் பிரஷ் போதும். துகள் விழாமலே இருக்க வேண்டுமானால், கூட்டைத் தள்ளும்போது முனையை வானத்தைப் பார்க்கப் பிடித்து, தண்டை ஒரே அடியாக அடிக்க வேண்டும். மெதுவாக அமுக்கினால் துகள் நேரே தகட்டுக்கு அடியில்தான் இறங்கும். பக்கத் தகட்டுத் திருகு, குறிமுள் திருகு எல்லாவற்றையும் ஐம்பது சூட்டுக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள். உதை தளர்த்திவிடும்.

பிடி விஷயத்தில் பிஸ்டல் பழக்கம் ஆபத்து. பிஸ்டலில் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்போம். ரிவால்வரில் அந்த இடத்தில்தான் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இருக்கிறது. அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும் வாயு 500-ல் விரலின் சதையைப் பிய்த்துவிடும். இரண்டு கட்டைவிரலும் சிலிண்டருக்குப் பின்னாலேயே, ஒன்றன் மேல் ஒன்றாக. ஒவ்வொரு சூட்டுக்கும் ஹேமரைக் கையால் இழுக்க வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷனின் ஏர்க்கைப்பிடி வடிவம் உள்ளங்கையில் உருண்டு மேலேறி உதையை ஓரளவு கரைக்கும். ஆனால் நடுவிரல் முட்டியை ட்ரிகர் காப்பு வளையம் இடிக்கும். முட்டி வீங்கினவர்கள் பிஸ்லி என்ற வேறு வடிவக் கைப்பிடிக்கு மாறுவார்கள். ட்ரிகரை இழுத்தாலே சுடுகிற டபுள் ஆக்‌ஷனில், பின்முதுகையும் மூடுகிற ரப்பர் கைப்பிடி இல்லாமல் 454-ஐத் தொடாதீர்கள். மரக் கைப்பிடி படத்துக்கு அழகு.

முதல் தடவை 500 சுடுகிறவருக்கு ஒரே ஒரு தோட்டாதான் போட வேண்டும். இது சம்பிரதாயம் அல்ல. உதையில் ரிவால்வர் எகிறும்போது, பிடி நழுவாமல் இருக்கக் கை தானாக இறுகும். விரல் ட்ரிகரில் இருப்பதால் இரண்டாவது தோட்டாவும் வெடித்துவிடும். அந்த நொடியில் முனை வானத்தையோ சுடுபவரின் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தையும் நிரப்பி நண்பர் கையில் கொடுத்து வீடியோ எடுப்பது விளையாட்டு அல்ல.

வெடிச் சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பொசுக்கென்று வந்தால் அங்கேயே நிறுத்தி, தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது கூடுதல் கவலை. ஹெச்110 போன்ற மெதுவாக எரியும் மருந்தை, உதை குறையட்டும் என்று கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே குறைத்தால் சரியாகப் பற்றாது. உதை குறைய வேண்டுமென்றால் வேறு மருந்துக்கு மாறுவதுதான் வழி. 454 கூட்டில் சின்ன ரைஃபிள் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி), 45 கோல்ட்டில் பெரிய பிஸ்டல் பிரைமர். மேசையில் இரண்டையும் கலக்கவிடாதீர்கள்.

ஒரு வேளைக்கு எத்தனை? மேக்னத் தோட்டாவில் 44 என்றால் முப்பது, நாற்பது வரை குறி கெடாது. 454 பன்னிரண்டைத் தாண்டினால் கண் தானாக மூடத் தொடங்கும். 500-ம் அதே கணக்கு. ஆறு அறையில் நாலு தோட்டாவும் இரண்டு பொய்த் தோட்டாவும் கலந்து போட்டு, பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மூடிச் சுட்டால் தெரிந்துவிடும். பொய்த் தோட்டாவில் முனை கீழே குத்தினால் அன்றைக்கு மேக்னத்தை மூடி வைத்துவிட்டு ஸ்பெஷலுக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு 44. ஏற்கெனவே 45 கோல்ட் நிரப்பும் அச்சுகள் வைத்திருப்பவருக்கு 454. 500, மற்ற இரண்டில் ஒன்றை வருடக்கணக்கில் சுட்டுத் தேறியவருக்கு மட்டும்.

பழைய ரிவால்வர் என்றால் வாங்குமுன் காலி என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள், மறு கை விரலால் சிலிண்டரை இலேசாகத் தடுத்தபடி. ஹேமர் முழுதும் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிவிட வேண்டும். எல்லா அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் ஓர் அறை மட்டும் பிந்தும் கோளாறு சகஜம். பிறகு ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டுப் பாருங்கள். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை சரி, 0.25-க்கு மேல் என்றால் விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். சட்டகத்தின் மேல்பாலத்தில், இடைவெளிக்கு நேர் மேலே நகத்தால் உரசினால் தட்டுப்படுகிற மெல்லிய கோடு இருக்கும். வாயு அரித்த தடம் அது. இலேசான குண்டை அதிகம் சுட்ட ரிவால்வரில் ஆழமாக இருக்கும். ஓரளவுக்கு மேல் வளராது, அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது குழலின் பின்வாயில், குண்டு நுழைகிற கூம்பில் மயிரிழையாக ஓடும் விரிசலுக்கு. டார்ச் அடித்து, அந்தக் கூம்பை ஒரு சுற்று முழுதும் பாருங்கள்.